இதயத்துக்குள் எட்டிப் பார்த்த கதை

எக்கோ, ஆஞ்சியோ, சி.டி., எம்.ஆர்.ஐ... வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் இந்தப் பெயர்கள் வரிசையாக வந்துவிடும். எதற்குக் காசு அதிகமோ அதுதான் நல்ல டெஸ்ட் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். இவை பிறந்த கதையைப் படித்தால் அப்படித் தோன்றாது.

1929. ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்ற ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் கை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை 65 செ.மீ. உள்ளே தள்ளினார். அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாயின் நுனி இதயத்தில் இருப்பதைப் படம் எடுத்தார்! நோபல் பரிசு வந்தது 1956-ல்தான், கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவரோடு சேர்த்து.

அதே குழாய் வழியில் 1958-ல் ஒரு தற்செயல். அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ் செலுத்தவிருந்த சாயம், தவறிப்போய் இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்க்குள் போய்விட்டது. அப்படிப் போனால் உயிர் போய்விடும் என்று அன்றைக்கு பயந்தார்கள். நோயாளி பிழைத்தார். கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்தது.

குழாயே இல்லாமல் பார்க்க முடியாதா? அந்த வழியை 1953-லேயே ஸ்வீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் திறந்துவிட்டார்கள். உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சின் மேல் வைத்தார்கள். அதுதான் எக்கோவின் ஆரம்பம்.

1971-ல் முதல் நோயாளிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் தலைக்குத்தான். துடிக்கும் இதயம் படத்தில் கலங்கிவிடும். வேகமான கருவிகள் வரும்வரை அது காத்திருந்தது.

சரி, எது சிறந்தது? எக்கோ வால்வையும் துடிப்பையும் காட்டும், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் கரோனரி அடைப்பை நேராகக் காட்டாது. ஆஞ்சியோ அடைப்பைக் காட்டும், அங்கேயே ஸ்டென்ட்டும் வைக்கலாம். ஆனால் குழாய் உள்ளே போகவேண்டும், கொஞ்சம் ஆபத்தும் உண்டு. சி.டி.யில் இதயம்வரை குழாய் போகவேண்டாம். ஆனால் கதிர்வீச்சு உண்டு, சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் படம் தெளிவாக இருக்காது. எம்.ஆர்.ஐ. இதயத் தசையின் தழும்பைக்கூடக் காட்டும், நேரம் பிடிக்கும்.

எங்கள் பி.காம். பாஷையில் சொன்னால், லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் ஒரே கம்பெனியைப் பற்றியவைதான். ஆனால் ஒன்றிடம் கேட்கவேண்டியதை இன்னொன்றிடம் கேட்க முடியாது.

அதனால் அடுத்த முறை டாக்டர் டெஸ்ட் எழுதும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "இதில் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் டாக்டர்?" என்றும் கேளுங்கள்.