கரும்புக் கொல்லையில் மாட்டிய டாங்கி

போன மாசம் ஒருத்தர் எங்க வீட்டுக் கட்டை வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய கதவு, மரத்தூண், உரல், வண்டிச் சக்கரம் எல்லாம் வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிற ரிசார்ட்டுகளுக்குக் கொடுக்கிற வியாபாரி. எங்க வண்டி தாத்தா காலத்துது. பத்து வருஷமா கொட்டகையில கிடக்கு. மாடே இல்லாத வீட்டுல வண்டி எதுக்குன்னு தம்பி கேட்கிறான். நியாயமான கேள்விதான். அம்மா மட்டும் ஒண்ணும் சொல்லலை.

"வாங்கிப் போய் எங்கே வைப்பீங்க?"ன்னு கேட்டேன்.

"புல்தரையில சின்னதா மேடை கட்டி நிறுத்திடுவாங்கண்ணே. மேல பூந்தொட்டி வெச்சு, ராத்திரியில லைட்டு போட்டா அள்ளும்."

மேடைன்னு சொன்னதும் எனக்கு அகமதுநகர் ஞாபகம் வந்துடுச்சு.

சில வருஷத்துக்கு முன்னாடி ஊர்க்காரங்க முப்பது பேர் பஸ் பிடிச்சு ஷீரடி போயிருந்தோம். திரும்புற வழியில மகாராஷ்டிரத்து அகமதுநகர். அங்கே ராணுவத்தின் கவசப்படைப் பயிற்சி மையம் இருக்கிறது. அதை ஒட்டி 1994இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகம் ஒன்று. பெண்கள் கடைக்குப் போக, நாங்கள் பத்துப் பேர் உள்ளே போனோம். மரத்தடியிலும் புல்வெளியிலும் வரிசையாக டாங்கிகள். ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார்கூட ஒன்று உண்டு. நம்ம ஆவடியில் செய்த விஜயந்தாவும் நின்றது. அதைப் பார்த்ததும் எங்க ஆட்களுக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி சந்தோஷம்.

எல்லாரும் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டது ஒரு பேட்டன் டாங்கி பக்கத்தில். 1965 போரில் பாகிஸ்தானிடம் இருந்து பிடித்தது. அமெரிக்காவில் செய்தது, அந்த நாட்டுத் தளபதி ஜார்ஜ் பேட்டன் பெயரை வைத்தது. சுத்தமாகக் கழுவி பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். நான் குனிந்து அதன் சங்கிலிப் பட்டையைப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சேறு இல்லை. சேறு இல்லாமல் அந்த டாங்கி எப்படி அங்கே வந்து நிற்கிறதென்று யாருக்காவது விளங்குமா?

கதையைச் சொல்கிறேன். 1965 செப்டம்பர். பஞ்சாப் எல்லையில் கேம்கரண் என்ற சின்ன ஊர் பாகிஸ்தான் படையிடம் போய்விட்டது. அங்கிருந்து பேட்டன் டாங்கிகளோடு உள்ளே புகுந்து, பியாஸ் ஆற்றுப் பாலம் வரை போய்விட்டால் அமிர்தசரஸ் தனியாகத் துண்டாகிவிடும். அதுதான் அவர்கள் கணக்கு. நம் பக்கம் இருந்த டாங்கிகள் எண்ணிக்கையிலும் குறைவு, பெரும்பாலும் பழசு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஷெர்மன்கூட இருந்தது.

நம் படை பின்வாங்கி, அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்து நின்றது. சுற்றிலும் கரும்பு. செப்டம்பர் மாசத்துக் கரும்பு எப்படி இருக்கும்னு விவசாயிக்குத் தெரியும்: ஆள் உயரத்துக்கு மேல, தோகை பின்னிக்கிட்டு, உள்ள நிற்கிற யானைகூட வெளியே தெரியாது. டாங்கிகளையும் பீரங்கிகளையும் அதற்குள் மறைத்து வைத்தார்கள். அப்புறம் கால்வாயை உடைத்து வயலில் தண்ணீரை விட்டார்கள். பேட்டன்கள் வந்து அந்த ஈரத்தில் இறங்கின. வேகம் குறைந்தது, திரும்ப முடியவில்லை, சில அப்படியே மாட்டிக்கொண்டன. கரும்புக்குள் இருந்து சுட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எந்த ராணுவப் புத்தகமும் தேவைப்படலை. முந்தின வருஷம் ஐப்பசி மழையில எங்க மறுதாம்புக் கரும்பு வெட்டும்போது, லோடு ஏத்தின டிரைலரோட டிராக்டர் கழனியில மாட்டிக்கிச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க பின் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டுது. அச்சு வரைக்கும் சேறு. தோகையைப் போட்டோம், பலகையைப் போட்டோம், ஒண்ணும் ஆகலை. கடைசியில பக்கத்து ஊர்ல இருந்து இன்னொரு டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்துச்சு. டிராக்டர் எடை ரெண்டு டன். பேட்டன் சுமார் 45 டன். சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பிக் கொடுக்கும் என்பதால் சக்கரத்தைவிடச் சேற்றில் நன்றாகப் போகும்தான். ஆனாலும் தண்ணீர் ஊறின கரும்புப் பாருக்கு ஒரு எல்லை இருக்கு இல்லையா.

அந்தச் சண்டையின் பெயர் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்து காஜிப்பூர் மாவட்டத்துக்காரர், கிரெனடியர்ஸ் நான்காவது பட்டாலியனில் ஹவில்தார். ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு கரும்புக்குள் இடம் மாறி மாறி நின்று பேட்டன்களை ஒவ்வொன்றாக அடித்தார். செப்டம்பர் 10ஆம் தேதி அங்கேயே உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் கல்லறை இன்றைக்கும் அசல் உத்தரில்தான் இருக்கிறது.

பாகிஸ்தான் அந்தப் பகுதியில் இழந்தது 97 டாங்கி என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. உடைந்ததும் நல்லதுமாக வயலில் கிடந்தவற்றை இழுத்துக்கொண்டு வந்து பிக்கிவிண்ட் என்ற ஊர்ப் பக்கம் வரிசையாக நிறுத்தினார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அந்த இடத்துக்கே 'பேட்டன் நகர்' என்று பெயர் வந்துவிட்டது. யாரும் திட்டம் போடாமலே உருவான ராணுவ வாகன அருங்காட்சியகம்னு சொல்லலாம். அப்புறம் அதைக் கலைத்தார்கள். ஒன்று இந்த முகாமுக்கு, ஒன்று அந்த ஊர்ச் சதுக்கத்துக்கு என்று வெற்றிச் சின்னமாக நாடு முழுக்கப் போய்விட்டன. நான் அகமதுநகரில் பார்த்தது அப்படிச் சிதறிய கூட்டத்தில் ஒன்று.

டாங்கி போன ஊருக்கெல்லாம் வீரம் போனது. சேறு போகவில்லை. யாரோ ஒரு பஞ்சாப் விவசாயி கரணை நட்டு, களை எடுத்து, மண் அணைத்து வளர்த்த கரும்பு அந்தப் போரில் பாதி வேலை செய்திருக்கிறது. சிமெண்ட் மேடையில் நிற்கிற டாங்கியைப் பார்த்து இதை ஊகிக்கவே முடியாது.

எங்க பக்கத்துக்கு இது புதுசு இல்லை. செஞ்சி 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1761இல் ஆங்கிலேயரிடம் வந்தது. நீங்க பாண்டிச்சேரி கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல்தூண்கள் நிற்குமே, அவை செஞ்சியில் இருந்து கொண்டுபோனவை. பல நூறு பேர் தினமும் அதில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். செஞ்சியில் வேங்கடரமணர் கோயிலுக்குள் போய்ப் பார்த்தால் தூண் இல்லாத வெற்றிடம் கண்ணில் படும். தூண் ஒரு ஊரில், அது தாங்கின கூரையின் குறை ஒரு ஊரில். ஆனா ராஜகிரி உச்சியில கிடக்கிற பெரிய பீரங்கி மட்டும் அங்கேயே கிடக்கு. அதை மேலே ஏத்தினவன் எவனோ, அவனை நினைச்சு நான் ஆச்சரியப்படாத நாள் இல்லை. இறக்கிக் கொண்டுபோகிற தெம்பு பின்னாடி வந்தவங்க யாருக்கும் இல்லை போல. மூச்சு வாங்க ஏறிப்போய் அது பக்கத்துல நின்னு கீழே பார்த்தால், எந்த வழியா வந்த படைக்காக அதை வெச்சாங்கன்னு தானாகப் புரியும். 2025இல் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. கோட்டையை யாரும் எடுத்துப்போக முடியாது என்பது எவ்வளவு நல்ல விஷயம்!

எங்க சீயமங்கலத்துக் கோயிலும் அப்படித்தான் தப்பித்தது. மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்தது. லளிதாங்குரன் என்ற தன் பட்டப்பெயரைத் தூணில் வெட்டி வைத்திருக்கிறான். தூணும் பாறையும் ஒரே உடம்பு. எடுக்கணும்னா குன்றையே எடுக்கணும்.

நகர்த்துவதே தப்பு என்று சொல்ல வரலை. அமெரிக்காவில் ஜாக் லிட்டில்ஃபீல்டு என்று ஒரு பணக்காரர். கலிபோர்னியாவில் தன் பண்ணையிலேயே 200க்கு மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். போலந்தில் ஆற்றுக்குள் கிடந்த ஜெர்மன் பேந்தர் டாங்கியை வாங்கி வந்து, வருஷக்கணக்கில் வேலை பார்த்து ஓட வைத்தவர். 2009இல் இறந்துபோனார். சேகரிப்பு ஒரு அறக்கட்டளைக்குப் போனது. அவர்கள் 2014இல் பெரும்பகுதியை ஏலம் விட்டார்கள். மிச்சத்தை நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிற மாசசூசெட்ஸுக்குக் கொண்டுபோய் 2019இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பாதியை விற்றுத்தான் பாதிக்குக் கூரை போட முடிந்தது. எந்தக் குடும்பத்தில் பாகம் பிரித்தாலும் நடக்கிற கதைதான் இது.

விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கி 2001இல் ஓய்வு பெற்றதும் கடற்கரை மணலுக்கு இழுத்து வந்து வைத்தார்கள். 91 மீட்டர் நீளம். ஏற்பாடு எல்லாம் முடிந்து 2002 ஆகஸ்டில் திறந்தார்கள். இன்றைக்கும் குழந்தைகள் வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள். அதே ரகத்தில் வந்த வாக்லி 2010இல் ஓய்வு பெற்றது. அதை நம்ம மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகம் ஆக்கப் போவதாகப் பேச்சு. பேச்சோடு போச்சு. மாமல்லபுரத்தில் இன்றுவரை நீர்மூழ்கி இல்லை. இழுக்க ஆளும் காசும் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய இரும்பும் கடைசியில் பேரீச்சம்பழத்துக்குத்தான்.

இது தெரிந்ததால்தான் வியாபாரியிடம் முடியாது என்று உடனே சொல்ல முடியலை. கொட்டகையில ஒரு பக்கம் கறையான் ஏறியாச்சு. இன்னும் ரெண்டு மழை தாங்காது.

அதனால ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு முழுத்தாளில் வண்டியின் கதையை எழுதித் தருகிறேன், அதை லேமினேட் பண்ணி வண்டி பக்கத்திலேயே வைக்கணும். தேசூர் சந்தைக்கு மணிலா மூட்டை ஏத்திப் போனது, ஒரு தரம் ஏரி உடைஞ்ச வெள்ளத்துல இதுமேல ஆறு பிள்ளைகளை உட்கார வெச்சு இழுத்தது, அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது இந்த வண்டியிலதான் என்பது எல்லாம்.

அவர் சிரிச்சார். "பேப்பர்லாம் எதுக்குண்ணே? பார்ட்டி மஞ்சள் பெயிண்ட் அடிச்சிடுவாங்க. ஆயிரம் ரூபா சேர்த்து வேணும்னா தர்றேன்."

வர்ற வியாழக்கிழமை டாடா ஏஸ் எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். நேத்து கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். இடது பக்கச் சக்கரம் மண்ணுக்குள்ள ஒரு சாண் இறங்கியிருக்கு. ஜாக்கி போடாம எடுக்க முடியாது. பின்னாடியே அம்மா வந்து நின்னாங்க. அச்சாணியில ஒட்டியிருந்த பழைய மையை விரலால சுரண்டிப் பார்த்துட்டு, "உங்கப்பா போட்டதுடா"ன்னு மட்டும் சொன்னாங்க.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.