போர்க்கால பிரிட்டனில் அரசும் குடிமைச் சமூகமும் (1939–1945)

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் அரசுக்கும் அந்நாட்டுத் தன்னார்வ அமைப்புகள், கட்சிகள், தெருக்குழுக்கள் ஆகியவற்றுக்கும் இடையே நிலவிய உறவு பற்றியது இக்கட்டுரை. 1939 ஆகஸ்டில் நிறைவேறிய நெருக்கடிக்கால அதிகாரச் சட்டம் பரந்த அளவில் விதிகள் பிறப்பிக்க அரசுக்கு இடமளித்தது. அவ்வளவு அதிகாரம் இருந்தும், மக்கள் அமைப்புகள் கைகொடுக்காமல் அரசால் அன்றாட வேலைகளைக்கூட நடத்த முடியவில்லை.

செப்டம்பர் முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களை ஊர் ஊராகச் சேர்த்ததில் பெரும்பங்கு பெண்கள் தன்னார்வச் சேவை அமைப்புக்கு உண்டு. உள்துறை அமைச்சர் கேட்டுக்கொண்டதன்பேரில் 1938இல் இதைத் தொடங்கிய ரீடிங் சீமாட்டி, இந்திய வைசிராயாக இருந்து மறைந்த ரீடிங் பிரபுவின் மனைவி. போர் அறிவிக்கப்பட்ட மறுநாளே குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் 200 இடங்களில் திறக்கப்பட்டன. பங்கீட்டு அட்டை தொலைந்தவரும் வீடிழந்தவரும் அங்கே வந்து நின்றனர்.

குண்டுவீச்சிலிருந்து காக்கும் பதுங்கிடப் பிரச்சினையில்தான் இவ்வுறவு மோதலாக வெடித்தது. ஆழமான பதுங்கிடங்கள் வேண்டும் என அறிவியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1938இலேயே நூல் எழுதி வாதாடினார். செலவு கட்டுப்படியாகாது என்றும், உள்ளே போனவர்கள் வெளியே வரமாட்டார்கள் என்றும் கருதி அரசு அதை மறுத்தது. சொந்த மக்களின் துணிவை இவ்வளவு குறைத்து மதிப்பிட்டது பெரும்பிழை. 1940 செப்டம்பர் 7இல் லண்டன்மீது குண்டுமழை தொடங்கியதும், மக்கள் குறைந்த கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டு, பதுங்கிடமாகப் பயன்படுத்தக் கூடாது என அரசு தடுத்திருந்த சுரங்க ரயில் நிலையங்களில் இறங்கி, நடைமேடையிலேயே படுத்துவிட்டனர். அம்மாத இறுதியில் ஓரிரவில் 1,77,000 பேர் அங்கே தங்கினர். அதே மாதம் 14ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சியின் பில் பிராடின் தலைமையில் கிழக்கு லண்டன் ஏழைகள் சவாய் ஓட்டலின் சொகுசுப் பதுங்கிடத்துக்குள் நுழைந்து, தேநீரைக்கூட வெளிக்கடை விலைக்குப் பேரம் பேசி வாங்கினர். இந்த அழுத்தத்தால் அரசு பணிந்தது. அக்டோபரில் உள்துறைப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் மாரிசன் காலத்தில் நிலையங்களுக்கு அடுக்குக் கட்டில்களும் சிற்றுண்டி வசதியும் வந்தன.

கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைப் பகுதியில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடந்தனர். கண்கண்ணாடித் தொழில் செய்துவந்த மிக்கி டேவிஸ் அங்கே ஒழுங்கை ஏற்படுத்தினார். மக்கள் குழு அவரையே பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. சிற்றுண்டிச்சாலை லாபத்தில் குழந்தைகளுக்கு இலவசப் பால் வழங்கப்பட்டது. எந்த அமைச்சகமும் சொல்லாமல் நடந்த வேலை இது.

ஆனால் மாற்றுக்குரல்களிடமும் வெளிநாட்டவரிடமும் அரசு கடுமை காட்டியது. கம்யூனிஸ்ட் நாளேடான ‘டெய்லி வொர்க்கர்’ 1941 ஜனவரி முதல் 1942 செப்டம்பர் வரை முடக்கப்பட்டது. நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் உட்படப் பல்லாயிரம் வெளிநாட்டவர் 1940இல் அடைக்கப்பட்டனர். நாடுகடத்தப்பட்டோரை ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பல் ஜூலை 2இல் மூழ்கியபின், எலினார் ராத்போன் போன்றோர் நாடாளுமன்றத்தில் எழுப்பிய குரலால் படிப்படியாக விடுதலை தொடங்கியது. நேசநாடுகளின் கடல் முற்றுகையால் கிரேக்கத்தில் பஞ்சம் பரவியபோது நிவாரணம் கோரி 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய குழுவே பின்னர் ஆக்ஸ்ஃபாம் ஆனது.

பெண்கள் தன்னார்வச் சேவையும் ஆலோசனை நிலையங்களும் இன்றும் இயங்குகின்றன. முன்னதன் பெயர் இப்போது ராயல் தன்னார்வச் சேவை.