முத்தம் குறித்த ஆங்கிலச் சொற்கள்

முத்தத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் முதன்மையானது ‘கிஸ்’. பழைய ஆங்கிலத்தில் வினைவடிவம் ‘கிஸ்ஸன்’, பெயர்வடிவம் ‘கொஸ்’. ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் இருப்பதால், இது ஜெர்மானியக் குடும்பத்தின் பொதுச் சொத்து என்பது தெளிவு. பிற்காலத்தில் பெயர்ச்சொல் வினையின் உயிரொலியை ஏற்று, இரண்டும் ஒரே வடிவாயின. தாய் குழந்தைக்கும், பக்தர் திருநூலுக்கும், காதலர் ஒருவருக்கொருவரும் தருவதையெல்லாம் இந்த ஒரே சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுட்டிவருகிறது. 1611இல் வெளியான ஆங்கில பைபிளில், விசுவாசிகள் பரிசுத்த முத்தத்தால் வாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று பவுல் சொல்லும் இடத்தில் வருவது இச்சொல்லே. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் சத்தியம் செய்வோர் வேதநூலை முத்தமிட்டதற்கும் இதுவே பெயர். 1909ஆம் ஆண்டுச் சட்டம்தான் அம்முறைக்குப் பதிலாக நூலைக் கையில் உயர்த்திப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் அமைச்சர்கள் பதவியேற்பதை அரசரின் கையை முத்தமிடுதல் என்றே இன்றும் சொல்கிறார்கள். இவ்வளவு பரந்த பொருளைச் சுமந்தும் இச்சொல் கண்ணியம் இழக்காததற்குக் காரணம் உண்டு. விளையாட்டு, இரைச்சல், காமம் ஆகிய சாயல்களை அவ்வப்போது வந்த துணைச்சொற்கள் வாங்கிக்கொண்டன.

அத்துணைச்சொற்களில் ‘பஸ்’ நல்ல சான்று. 1590களில் எழுதப்பட்ட ‘கிங் ஜான்’ நாடகத்தில், மகனைப் பிரிந்து கதறும் கான்ஸ்டன்ஸ், சாவை அதன் மனைவியாக நின்று முத்தமிடுவேன் என்று சொல்ல இச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறாள். துயரத்தின் உச்சியில் ஷேக்ஸ்பியர் அதைத் தயங்காமல் வைத்தார். ஆனால் 1648இல் வெளியான தொகுப்பில் கவிஞர் ராபர்ட் ஹெரிக், மனைவிக்குரியது ‘கிஸ்’, ஒழுக்கம் தளர்ந்த பெண்டிருக்குரியது ‘பஸ்’ என்று பிரிக்கிறார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரு சொல் இப்படி இறங்கியும் மற்றது நிலைபெற்றும் நிற்பதைப் பார்க்கிறோம். மற்றவையும் தத்தம் எல்லைக்குள் நின்றன. ‘ஸ்மாக்’ சத்தத்தோடு தருவது. ‘பெக்’ கன்னத்தில் பட்டும் படாமலும் தருவது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவிய ‘ஸ்மூச்’ செல்லமும் நெருக்கமும் கலந்தது. பிரிட்டனின் ‘ஸ்னாக்’ இளைஞர்களின் நீண்ட முத்தத்தைச் சுட்டும் கொச்சை. நாவு படும் முத்தத்துக்கோ ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர் பெயரையே சூட்டினர்.

ஒரே சொல்லை எல்லா உறவுக்கும் வைத்தது மொழியின் வறுமை அல்லவா என்று கேட்கலாம். மரியாதைக்கு ‘ஆஸ்குலும்’, அன்புக்கு ‘பாசியம்’, காமத்துக்கு ‘சாவியம்’ என்று லத்தீன் இலக்கண ஆசிரியர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ரோமக் கவிஞர்கள் அந்த வரம்பைக் கடைப்பிடிக்கவில்லை. கட்டுல்லஸ் தம் காதலியிடம் கேட்பது ‘பாசியம்’தான். இத்தாலிய, ஸ்பானிய, பிரெஞ்சு மொழிகளில் முத்தத்துக்குரிய பொதுச்சொல்லாக வழிவழி வந்ததும் அது ஒன்றே. அதிலும் பிரெஞ்சில் வினைச்சொல்லான ‘பெஸே’ காலப்போக்கில் உடலுறவைக் குறிக்கும் கொச்சையாகிவிட்டது. அதனால் பிரெஞ்சுக்காரர், தழுவுதல் என்ற பொருள் கொண்டிருந்த ‘அம்ப்ராஸே’யை முத்தத்துக்கு எடுத்தாள்கிறார்கள். பொதுச்சொல்லின் மேலேயே காமச்சாயல் படிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று. ஆங்கிலத்துக்கு அந்த நிலை வரவில்லை.

‘கிஸ்’ஸும் இன்று காதலுக்குள் சுருங்கிவிட்டது என்பது இன்னொரு மறுப்பு. அதற்குக் காட்டப்படும் சான்று, 1805இல் ட்ரஃபால்கர் போரில் உயிர்பிரியும் வேளையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தம் கப்பல் தலைவர் ஹார்டியிடம் முத்தம் கேட்ட செய்தி. ஓர் ஆண் மற்றோர் ஆணிடம் அப்படிக் கேட்டதைப் பிற்காலத்தார் சிலர் ஏற்க மனமின்றி, விதி என்று பொருள்படும் ‘கிஸ்மத்’ என்றே அவர் சொன்னதாகத் திருத்தம் கூறினர். அந்தத் திருத்தம் நிற்காது. ஹார்டி கன்னத்திலும் பிறகு நெற்றியிலும் முத்தமிட்டதை உடனிருந்த மருத்துவர் பீட்டியின் நூல் பதிவு செய்கிறது. ஆகவே இங்கே மாறியது ஆண்களிடையே நிலவிய பழக்கம். சொல்லின் பொருள் அல்ல. பில்லியர்ட்ஸ் பந்துகள் உரசுவதையும், வாயோடு வாய்வைத்து மூச்சூட்டி உயிர்காப்பதையும் அச்சொல் இன்றும் குறிக்கிறது. ஒரு கோளத்தை அதே அளவுள்ள எத்தனை கோளங்கள் ஒரே நேரத்தில் தொடலாம் என்று 1694இல் நியூட்டனும் டேவிட் கிரெகரியும் வாதிட்டார்கள். 12 என்ற விடையை 1953இல் ஷூட்டேயும் வான் டெர் வேர்டனும் நிறுவினர். அந்த எண்ணுக்குக் கணிதத்தில் வழங்கும் பெயர் முத்த எண்.

எனவே இச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றானவை அல்ல. யார் யாரிடம், எந்த அவையில் சொல்லலாம் என்பதே இவற்றின் பொருளில் பாதி. அதைக் குறிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘முத்தம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தும் அகராதி குறையுடையதே.