2011 இல் மறைந்த கணினியியல் முன்னோடிகள்

2011 ஆம் ஆண்டில் கணினியியலின் வளர்ச்சிக்கு அடித்தளமிட்ட பலர் காலமானார்கள். கென் ஓல்சன், பால் பாரன், ஸ்டீவ் ஜாப்ஸ், டென்னிஸ் ரிட்ச்சி, ஜான் மெக்கார்த்தி ஆகியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். கடைசி மூவரின் மறைவுச் செய்திகளும் அக்டோபர் மாதத்தில் மூன்று வாரங்களுக்குள் வெளிவந்தன. இவர்களது பணிகள் ஒன்றுடன் ஒன்று பின்னிப் பிணைந்தவை. எனினும் ஜாப்சின் மறைவு உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. மற்றவர்களின் மறைவு பெரும்பாலும் துறைசார்ந்தோரால் மட்டுமே கவனிக்கப்பட்டது.

ஆண்டின் முற்பகுதி

கென் ஓல்சன் பெப்ரவரி 6 அன்று காலமானார். இவர் 1957 இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேசன் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவர். பால் பாரன் மார்ச் 26 அன்று மறைந்தார். தகவலைச் சிறு பொதிகளாகப் பிரித்து வலையமைப்பின் வழியே அனுப்பும் முறையை 1960களில் முன்வைத்தவர் இவர். இன்றைய இணையம் இம்முறையிலேயே இயங்குகிறது.

ஸ்டீவ் ஜாப்ஸ்

ஆப்பிள் நிறுவனத்தை 1976 இல் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜாப்ஸ், கணையப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு அக்டோபர் 5 அன்று தமது 56 ஆவது வயதில் காலமானார். மக்கின்டோசு கணினி (1984), ஐபோன் (2007) ஆகியவை இவரது தலைமையில் வெளிவந்தவை.

டென்னிஸ் ரிட்ச்சி

சி நிரலாக்க மொழியை உருவாக்கியவர் ரிட்ச்சி (பிறப்பு: செப்டம்பர் 9, 1941). பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயங்குதளத்தையும் உருவாக்கினார். இப்பணிக்காக இருவருக்கும் 1983 இல் டூரிங் விருது வழங்கப்பட்டது. பிரையன் கெர்னிகனுடன் இணைந்து 1978 இல் இவர் வெளியிட்ட சி மொழி நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. தனியாக வாழ்ந்துவந்த ரிட்ச்சி, அக்டோபர் 12 அன்று நியூ செர்சியிலுள்ள தமது வீட்டில் இறந்திருக்கக் காணப்பட்டார். முன்னர் உடன் பணியாற்றிய ராப் பைக் இணையத்தில் எழுதிய சிறு குறிப்பின் மூலமே இச்செய்தி பரவியது.

ஜான் மெக்கார்த்தி

மெக்கார்த்தி அக்டோபர் 24 அன்று தமது 84 ஆவது வயதில் காலமானார். "செயற்கை நுண்ணறிவு" என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1955 இல் எழுதப்பட்ட ஆய்வு முன்மொழிவில் அறிமுகப்படுத்தியவர் இவரே. 1958 இல் லிஸ்ப் மொழியை வடிவமைத்தார். பயன்பாடு முடிந்த நினைவகப் பகுதிகளைத் தானாகவே மீட்கும் முறையும் இவர் கண்டறிந்ததாகும். ஜாவா முதலிய மொழிகள் இதனைப் பின்பற்றுகின்றன. 1971 இல் டூரிங் விருது பெற்றார்.

பணிகளுக்கிடையிலான தொடர்பு

யுனிக்ஸ் முதலில் எழுதப்பட்டது ஓல்சனின் நிறுவனம் தயாரித்த பிடிபி-7 கணினியிலாகும். ஆப்பிளை விட்டு 1985 இல் வெளியேறிய ஜாப்ஸ், பின்னர் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளத்தை யுனிக்ஸ் வழியிலேயே அமைத்தார். 1997 இல் ஆப்பிள் அந்நிறுவனத்தை வாங்கியது; மாக், ஐபோன் ஆகியவற்றின் இயங்குதளங்கள் அதிலிருந்து வளர்ந்தவை. ஜாப்ஸ் மறைவதற்கு முந்தைய நாள் ஐபோனுக்கென அறிமுகமான சிரி என்னும் குரல்வழி உதவி மென்பொருள், மெக்கார்த்தி பெயரிட்ட துறையின் விளைபயன்களுள் ஒன்று.

நினைவுகூரல்

கலிபோர்னியா மாநில ஆளுநர் அக்டோபர் 16 ஆம் நாளை ஸ்டீவ் ஜாப்ஸ் நாளாக அறிவித்தார். ரிட்ச்சிக்கு அரசு சார்ந்த அத்தகைய அறிவிப்பு இல்லாத நிலையில், பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி அக்டோபர் 30 ஆம் நாளை அவரது நினைவுநாளாகக் கொண்டாட அழைப்பு விடுத்தார். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஃபெடோரா 16 (2011), ஃபிரீபிஎஸ்டி 9.0 (2012) ஆகிய இயங்குதள வெளியீடுகளை ரிட்ச்சியின் நினைவுக்குக் காணிக்கையாக்கினர். இவ்விரு இயங்குதளங்களின் கருனிகளும் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்பட்டவை.