இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் - ஒரு வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ஆன்மீகத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ராமானுஜர் நினைவுக்கு வருவார். அரசியல் பேசுபவர்களுக்கு 1991 மே 21, ராஜீவ் காந்தி. வேலை தேடுபவர்களுக்கு சிப்காட்டும் கார் கம்பெனிகளும். ஆனால் இந்தியாவின் மோட்டார் பந்தயப் பிரியர்களுக்கு அந்தப் பெயர் வேறொன்றைச் சொல்லும். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டையில்தான் நாட்டின் முதல் நிரந்தர ரேஸ் டிராக் இருக்கிறது. தினமும் அந்த வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கே இது தெரியாது!

ஆரம்பம் சோழவரத்தில்

இந்தக் கதை இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கவில்லை. சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டி வரும் சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. நீளமான ஓடுதளம் மட்டும் சும்மா கிடந்தது. கார் பிரியர்களுக்கு வேறென்ன வேண்டும்?

1950-களின் தொடக்கத்தில் சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களும் இந்தியர்களும் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தார்கள். சோழவரத்தில் அவர்கள் நடத்திய பந்தயங்கள் கொஞ்ச காலத்திலேயே ஊர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டன. பல்லாயிரக்கணக்கான மக்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். வெயில், புழுதி, வைக்கோல் கட்டுகள், அதற்கு நடுவே சீறிப்பாயும் கார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது மிகவும் கடினம். அதனால் ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் போன்ற சாதாரண கார்களின் இன்ஜினைக் கழற்றி, பட்டறையில் வைத்து மாற்றி, சொந்தமாகப் பந்தயக் கார் செய்துகொண்டார்கள். கோண்டல் சமஸ்தானத்து இளவரசரும் அங்கே ஓட்டினார், தொழிலதிபர் விஜய் மல்லையாவும் ஓட்டினார், ஒர்க் ஷாப் வைத்திருந்தவர்களும் ஓட்டினார்கள்.

ஆனால் ஓடுதளம் என்பது விமானத்துக்காகப் போட்ட பாதை. இடமும் கிளப்புக்குச் சொந்தமில்லை. வண்டிகளின் வேகம் கூடக் கூட, பார்வையாளர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் இடையே இருந்த பாதுகாப்பு போதாது என்பது தெளிவானது. ரேஸுக்கென்றே ஒரு டிராக் வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வலுப்பெற்றது.

காருக்கு முன்னால் வந்த டிராக்

1980-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்த டிராக்கைக் கட்டத் தொடங்கியது. 1990-இல் அது திறக்கப்பட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்று ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியை இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறார்கள். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் சான்ட்ரோவை வெளியிட்டது 1998-இல்தான். ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது 2010-இல். பாரத்பென்ஸ் லாரிகள் செய்யும் டைம்லர் தொழிற்சாலை 2012-இல் வந்தது. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது 2013-இல். அதாவது கார் செய்யும் கம்பெனிகள் வருவதற்கு எட்டு வருடம் முன்பே அங்கே கார் ரேஸ் வந்துவிட்டது!

என்னென்ன இருக்கிறது?

டிராக்கின் முழு நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். மொத்தம் 12 வளைவுகள். தேவைக்கேற்ப இதைச் சுருக்கிக் குட்டைச் சுற்றாகவும் பயன்படுத்தலாம். பிட் பாதை, கராஜ்கள், கட்டுப்பாட்டுக் கோபுரம், மருத்துவ மையம், வளைவுகளில் கொடி காட்டும் மார்ஷல்களுக்கான இடங்கள் எல்லாம் உண்டு. சிறுவர்கள் முதல் பாடம் கற்கும் கார்ட்டிங்குக்கு, அண்மை ஆண்டுகளில் தனி டிராக்கும் சேர்ந்திருக்கிறது. பழைய மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்ற பெயரும் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று மாறிவிட்டது.

உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. இந்த டிராக்குக்கு இரண்டாம் தரச் சான்று கொடுத்திருக்கிறது. தரம் என்றால் என்ன? காரின் எடையை அதன் குதிரைத்திறனால் வகுத்துப் பார்ப்பார்கள். ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாக எடை வந்தால், அது ஃபார்முலா 1 போன்ற அசுர வண்டி. அதற்கு முதல் தர டிராக் வேண்டும். ஒன்று முதல் இரண்டு கிலோ வரை என்றால் இரண்டாம் தரம் போதும். ஆக, ஃபார்முலா 1 தவிர மற்ற பெரும்பாலான பந்தயங்களை இங்கே நடத்தலாம்.

இங்கே வளர்ந்தவர்கள்

கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெளிநாட்டுக் காரின் விலையில் ஒரு சிறு பகுதியிலேயே ரேஸ் ஓட்ட முடிந்தது. அவருடைய உறவினரான ஒரு கோவைப் பையன் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் ஃபார்முலா மாருதி பந்தயத்திலேயே மேடை ஏறினான். பெயர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரர் ஆனார். டயர் பிரச்சினையால் 6 கார்கள் மட்டுமே ஓடிய அந்த வருட அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். அடுத்து 2010-இல் ஃபார்முலா 1-க்குப் போன கருண் சந்தோக்கும் சென்னைக்காரர். தாத்தா இந்து சந்தோக், அப்பா விக்கி சந்தோக் இருவருமே சோழவரம் காலத்துப் பந்தயக்காரர்கள். இதுவரை ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இந்த இரண்டே பேர்தான். இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். இது தற்செயல் இல்லை. அருகில் டிராக் இருந்தது, அதான் காரணம்.

மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கர் 2016-17 எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் தொடருக்காக இங்கே வந்து ஓட்டியிருக்கிறார். 2017, 2018-இல் ஆசிய சாலை பைக் பந்தயத்தின் இந்தியச் சுற்று இங்கே நடந்தது. இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே ஃபார்முலா கார் செய்து ஓட்டும் சுப்ரா போட்டி 2011-இல் அறிமுகமானதும் இங்கேதான்.

பெரியது நின்றது, சிறியது ஓடுகிறது

டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் பல நூறு கோடி செலவில் கட்டிய புத் சர்க்யூட்டில் 2011 முதல் 2013 வரை மூன்றே மூன்று ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்தன. இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வரித் தகராறும் சேர்ந்துகொள்ள, அதோடு நின்றுபோனது. ஒரு கிளப் கட்டிய இருங்காட்டுக்கோட்டை டிராக்கோ 30 வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய சர்வதேசப் பந்தயத்தை மட்டும் நம்பாமல், தேசியப் போட்டிகள், பைக் பந்தயங்கள், பயிற்சிப் பள்ளிகள், கம்பெனிகளின் வண்டிச் சோதனை என்று சின்னச் சின்ன வேலைகளால் வயிற்றைக் கழுவிக்கொண்டதுதான் ரகசியம்.

ஆனால் சோழவரத்தின் கூட்டம் இங்கே வரவில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு வீதிப் பந்தயம் நடந்தபோது, மக்கள் ரேஸ் பார்க்க அவ்வளவு ஆர்வமாக வந்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஆர்வம் இருங்காட்டுக்கோட்டை பக்கம் திரும்பினாலும் போதும்.

வேகத்தின் விலை

டிராக் என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. 2023 ஜனவரியில் 59 வயது மூத்த கார் பந்தய வீரர் ஒருவர் இங்கே விபத்தில் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தான். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன. 13 வயதில் எந்த அளவு வேகத்தை அனுமதிக்கலாம் என்ற கேள்வி அன்று எழுந்தது. எத்தனை கோப்பைகள் வாங்கினாலும் அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹெல்மெட் பரிசோதனை, கொடி, மார்ஷல், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், இவை எதுவுமே இல்லாத கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மெரினாவிலும் இரவில் பைக் ரேஸ் விடுபவர்களின் கதி என்ன? அங்கே எதிரில் வருபவர் போட்டியாளர் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற யாரோ ஒருவர்.

வேகம் மேல் ஆசை இருப்பது தப்பில்லை. அந்த ஆசைக்காகத்தான் ஒரு கூட்டம் ஓடுதளத்தில் ஆரம்பித்து, நிலம் வாங்கி, டிராக்கே கட்டியது. உரிமம் எடுத்து, பயிற்சி முடித்து, அங்கே போய் ஓட்டலாம். அதற்கு வசதி இல்லையென்றால் கேலரியில் உட்கார்ந்து விசிலடிக்கலாம். ரோடு மட்டும் வேண்டாம்.