காங்கேயம் மாடு

காங்கேயம் மாடு என்பது தமிழ்நாட்டின் கொங்கு நாட்டுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஓர் இழுவை மாட்டினமாகும். திருப்பூர் மாவட்டத்திலுள்ள காங்கேயம் என்னும் ஊரின் பெயரால் இவ்வினம் அழைக்கப்படுகிறது. ஏர் உழுதல், பாரவண்டி இழுத்தல், கிணற்றிலிருந்து கவலை மூலம் நீர் இறைத்தல் ஆகிய வேலைகளுக்காகவே இவ்வினம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. வலிமையும், வளர்ப்பவரிடம் காட்டும் அடக்கமும் இதன் சிறப்புகள். காங்கேயம், தாராபுரம், பல்லடம், பெருந்துறை, ஈரோடு, கரூர் ஆகிய வட்டாரங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இந்திய அஞ்சல் துறை 2000 ஆம் ஆண்டில் உள்நாட்டு மாட்டினங்களைப் பற்றி வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளுள் ஒன்றில் காங்கேயம் மாடு இடம்பெற்றது.

உடலமைப்பு

காங்கேயம் மாடு நடுத்தரம் முதல் பெரிய உடற்கட்டு உடையது. காளையின் உயரம் திமிலருகே ஏறத்தாழ 140 செ.மீ., பசுவின் உயரம் ஏறத்தாழ 125 செ.மீ. இருக்கும். நன்கு வளர்ந்த காளை ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ளது. கழுத்து குட்டையாகவும் தடித்தும், திமில் உயர்ந்தும், கால்கள் உறுதியாகவும் இருக்கும். குளம்புகள் கருமையானவை, கடினமானவை. கொம்புகள் வெளிப்புறமாகவும் பின்புறமாகவும் வளைந்து, நுனிகள் நெருங்கி வட்டம்போல் தோற்றமளிக்கும். கண்களைச் சுற்றிக் கருவளையம் உண்டு.

நிறம் இவ்வினத்தில் கவனிக்கத்தக்கது. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறமாகும். காளை முதிரும்போது தலை, திமில், முன்னங்கால், பின்தொடைப் பகுதிகள் கருக்கும். காயடித்த எருதுகளில் இக்கருமை மங்கி, உடல் வெளிர்ந்துவிடும். ஆண் இயக்குநீர் குறைவதே இதற்குக் காரணம். ஆகவே பொலிகாளையையும் வண்டி மாட்டையும் தொலைவிலிருந்தே நிறத்தைக் கொண்டு வேறுபடுத்தலாம். நிறத்தை ஒட்டி மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று உழவர்கள் பெயரிட்டு அழைப்பர். மயிலை என்பது சாம்பல் நிறத்தையும், பிள்ளை என்பது வெண்மையையும், காரி என்பது கருமையையும் குறிக்கும்.

வரலாறு

தென்னிந்திய மாடுகளைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் காங்கேயத்தை மைசூர் வகை மாடுகளுடன் சேர்த்துப் பேசுவது வழக்கம். அம்ரித்மகால், அள்ளிக்கார், பர்கூர், ஆலம்பாடி ஆகியவை அவ்வகையின் பிற இனங்கள். அவற்றின் நீண்ட கொம்பும் விரைவும் காங்கேயத்திலும் உண்டு. எனினும் உடல் பருமனிலும் நிறத்திலும் காங்கேயம் வேறுபடுகிறது. லிட்டில்வுட் 1936 இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலில் இவ்வினம் விரிவாக விளக்கப்பட்டுள்ளது.

இவ்வினத்தை இன்றைய நிலைக்குச் செம்மைப்படுத்திய பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தைச் சாரும். குறிப்பாக, ராவ் பகதூர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தம் பண்ணையில் பெரிய மந்தையை வைத்து, பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இனத்தைப் பெருக்கினார்.

மேய்ச்சலும் கொரங்காடும்

காங்கேயம் பகுதி மழை குறைந்த மேட்டு நிலம். இங்கே பயிர் விளையாத நிலத்தை வீணாக விடாமல், மேய்ச்சல் நிலமாகப் பேணும் முறை வளர்ந்தது. இது கொரங்காடு எனப்படும். நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவை உயிர்வேலியாக நடப்படும். உள்ளே கொழுக்கட்டைப் புல் வளரும். வெள்வேல மரங்கள் நிழலும் காயும் தரும். வேலி இருப்பதால் மேய்ப்பவர் எந்நேரமும் உடனிருக்க வேண்டியதில்லை. ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றி, முன்னதில் புல் மீண்டும் தழைக்க விடுவர். வறட்சியைத் தாங்கும் இப்புல்லே இவ்வினத்தின் அடிப்படை எனலாம். கொரங்காடு இல்லாத இடத்தில் காங்கேயம் மாட்டைக் கட்டுத்தரையில் வைத்து விலைத்தீவனம் போட்டு வளர்ப்பது உழவருக்குக் கட்டுப்படியாவதில்லை.

இயல்பும் பழக்குதலும்

காங்கேயம் மாடு சுறுசுறுப்பானது. புதியவர்களைக் கண்டால் மிரளும். ஆனால் தன்னை வளர்ப்பவரின் குரலுக்கும் கைக்கும் கட்டுப்படும். இவ்வடக்கம் பிறப்பால் மட்டும் வருவதன்று. இளங்கன்றிலிருந்தே தடவிக் கொடுத்தும், கயிற்றில் நடத்தியும் பழக்குவர். மூக்கணாங்கயிறு குத்திய பின், பழகிய எருதுடன் சேர்த்து நுகத்தில் பூட்டுவர். இடப்பக்கம் நடப்பது இடத்தை, வலப்பக்கம் நடப்பது வலத்தை எனப்படும். ஒரு பக்கத்தில் பழகிய மாட்டை மறுபக்கத்தில் பூட்டினால் அது தடுமாறும் என்பதால், இணை கலைந்தால் உழவர் வருந்துவர்.

இவ்வடக்கத்தை நன்கு காட்டும் வேலை கவலை இறைத்தலாகும். கிணற்றோரத்தில் சரிவாக அமைத்த பாதையில் எருதுகள் இறங்கி நடக்கும்போது, வடக்கயிறு இழுபட்டு நீர் நிறைந்த சால் மேலே வரும். நீர் வாய்க்காலில் கொட்டியதும், எருதுகள் அதே பாதையில் பின்னோக்கி ஏறி வரவேண்டும். முன்னே செல்வது எந்த மாட்டுக்கும் எளிது. கிணற்றை நோக்கிப் பின்புறமாக, நாள் முழுதும் நூற்றுக்கணக்கான முறை அடியெடுத்து வைப்பதற்குப் பொறுமையும் ஆளின் மீது நம்பிக்கையும் வேண்டும். முரட்டு மாடு இவ்வேலைக்கு உதவாது. ஆகவே அமைதியான மாடுகளையே உழவர் தக்கவைத்துக்கொண்டனர்.

ஐரோப்பாவில் இத்தகைய வேலைகளை இங்கிலாந்தின் சையர், சஃபோக் பஞ்ச் போன்ற கனரகக் குதிரைகள் செய்தன. ஒரு சையர் குதிரை காங்கேயம் காளையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது. எனினும் சாதுவானது என்று பெயர் பெற்றது. குதிரை கழுத்துப்பட்டையில் தோள் கொடுத்து இழுக்கிறது. திமிலுள்ள மாடு திமிலுக்கு முன் அமரும் நுகத்தில் இழுக்கிறது. தமிழ்நாட்டில் குதிரை பெரும்பாலும் ஆள் ஏறும் ஜட்கா வண்டிக்கே பூட்டப்பட்டது. பாரம் எருதின் வேலையாக இருந்தது.

காங்கேயம் இணை எவ்வளவு பாரம் இழுக்கும் என்பது பற்றிப் பெருமைக் கதைகள் பல உண்டு. இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரமா, ரப்பர் டயரா, மண் பாதையா, தார்ச் சாலையா என்று சொல்லாமல் கூறப்படும் எடைக்குப் பொருளில்லை.

சந்தைகளும் பந்தயங்களும்

வெள்ளகோவிலுக்கு அருகிலுள்ள கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தை காங்கேயம் மாடுகளுக்குப் புகழ்பெற்றது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவில் மாடுகளுடன் குதிரைகளும் விற்பனைக்கு வரும். வாங்குபவர் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பர். உடலிலுள்ள சுழிகளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வர். விலை பேசுவது துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து நடக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள தென்காசி, குற்றாலம் பகுதியிலும் மாடுகளின் உழைப்பு இன்றியமையாததாக இருந்தது. 1904 இல் கொல்லம் – செங்கோட்டை இருப்புப் பாதை திறக்கப்படும் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருடன் நடந்த சரக்குப் போக்குவரத்து மாட்டு வண்டிகளையும் பொதி சுமப்போரையும் நம்பியிருந்தது. இன்று தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கோயில் கொடைகளை ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் உண்டு. கொங்குப் பகுதியில் இது ரேக்ளா பந்தயம் எனப்படும். பந்தயத்துக்கு வேண்டியது விரைவு. பாரத்துக்கு வேண்டியது நிதானம். பந்தயத்துக்காக மட்டும் தெரிந்தெடுத்தால், காலப்போக்கில் இனத்தின் இயல்பே மாறக்கூடும்.

எண்ணிக்கை வீழ்ச்சி

மின்சார நீரிறைப்பி வந்ததும் கவலை மறைந்தது. உழவு இயந்திரம் வந்ததும் ஏர் குறைந்தது. சரக்குந்து வந்ததும் பாரவண்டி நின்றது. இதே காலத்தில், பாலைப் பெருக்கும் நோக்கில் ஜெர்சி, பிரீசியன் இனங்களின் விந்தைக் கொண்டு செயற்கைக் கருவூட்டல் பரவியது. காங்கேயம் பசு ஓர் ஈற்றில் சராசரியாக 540 கிலோ அளவிலேயே பால் தருவதால், பால் கணக்கில் அது தோற்றது. வேலைக்காக உருவான இனத்தைப் பாலைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டது நியாயமன்று. ஆயினும் உழவர் கையில் வேறு கணக்கு இருக்கவில்லை. வேலையற்ற காளைக் கன்றுகள் கேரளத்திற்கு இறைச்சிக்காக விற்கப்பட்டன. 1990 இல் சுமார் 11.7 இலட்சமாக இருந்த எண்ணிக்கை 2000 இல் 4.8 இலட்சமாகக் குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. கொரங்காடுகளும் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறத் தொடங்கின.

கனரகக் குதிரைகளுக்கும் இதுவே நேர்ந்தது. சஃபோக் பஞ்ச் இனத்தில் 1966 இல் ஒன்பது குட்டிகளே பதிவாயின. வம்சாவளிப் பதிவேட்டைக் கைவிடாத சங்கங்களும், கண்காட்சி, உழவுப் போட்டி போன்றவற்றுக்காகக் குதிரைகளை வைத்திருந்தவர்களுமே அவ்வினம் அழியாமல் காத்தனர்.

பாதுகாப்பு

காங்கேயத்திற்கு அருகிலுள்ள குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இவ்வினத்தையும் கொரங்காட்டையும் ஒருங்கே பாதுகாக்க முயன்று வருகிறது. ஓசூரிலுள்ள அரசு கால்நடைப் பண்ணையிலும் இம்மாடுகள் வளர்க்கப்படுகின்றன. ஏறுதழுவலுக்கு உச்ச நீதிமன்றம் 2014 இல் விதித்த தடையை எதிர்த்து 2017 சனவரியில் சென்னை மெரினாவில் நடந்த போராட்டத்தின்போது, நாட்டு மாடுகளின் பெயர்கள் நகர மக்களிடமும் பரவின. காங்கேயம் காளை அதன் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. அதன்பின் ஏ2 பால் என்ற பெயரிலும் நாட்டுப் பசுக்களுக்குத் தேவை கூடியுள்ளது. இப்பாலின் சிறப்பு நன்மைகள் அறிவியல் முறையில் உறுதியாக நிறுவப்படவில்லை. காளை புகழ்பெற்ற அளவுக்கு, அதன் இனத்தைப் பெருக்கும் பசுவுக்கும் அது மேயும் காட்டுக்கும் கவனம் கிடைத்ததாகச் சொல்ல இயலாது. பொலிகாளை வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்ட சிற்றூர்களில், காங்கேயம் பசுவுக்கு அதே இனத்தில் இணை தேட உழவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியுள்ளது.