பாசலுக்குப் போன சுந்தரமூர்த்தி

வெளிநாட்டுக் குழுவில் ஆடிய சிங்கப்பூரர் என்றதும் ஃபாண்டி அகமதுவின் பெயர்தான் முதலில் வரும். 1983ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் சேர்ந்த அவர், அவ்வாண்டு அக்டோபரில் இன்டர் மிலானுக்கு எதிராகவே கோல் போட்டார். அவரை அடுத்து ஐரோப்பா சென்ற தமிழர் வி. சுந்தரமூர்த்தியை இளையர் பலருக்குப் பயிற்றுவிப்பாளராக மட்டுமே தெரியும்.

1965ல் பிறந்த சுந்தரமூர்த்தி, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தடுப்பாளர்களைத் திணறடித்த தாக்குதல் ஆட்டக்காரர். 1988-89 பருவத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்குச் சென்றார். பாசல் இன்று பெரிய பெயர். அப்போதோ முதல் பிரிவிலிருந்து இறக்கப்பட்டு இரண்டாம் பிரிவில் தவித்துக்கொண்டிருந்தது. மீண்டும் மேலேற 1994 ஆனது. அங்கு அவர் நெடுநாள் இருக்கவில்லை.

அதனால் அவரது ஆட்டம் மங்கிவிடவில்லை. கெடா உள்ளிட்ட மலேசியக் குழுக்களுக்கு ஆடினார். சிங்கப்பூருக்காக 1993ல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் பாய்ந்து, தலைக்குமேல் கால் வீசி அவர் அடித்த கோலைப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுகின்றனர். 2013ல் அவரது பயிற்சியில் லயன்ஸ் 12 மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. 2016 முதல் 2018 வரை தேசியக் குழுவும் அவர் பொறுப்பில் இருந்தது.

இன்றைய இளம் ஆட்டக்காரருக்குக் கணக்கு இன்னும் சிக்கல். ஐரோப்பியக் குழுக்கள் ஒப்பந்தம் நீட்டும் 18 வயதில்தான் ஈராண்டு தேசிய சேவையும் தொடங்குகிறது. 2018ல் ஃபுல்ஹமில் ஒப்பந்தமான பென் டேவிஸ் கேட்ட ஒத்திவைப்பைத் தற்காப்பு அமைச்சு நிராகரித்தது. பாசல் பருவத்தில் சுந்தரமூர்த்திக்கு வயது 23.